புதிதாகக் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு வருபவர் எந்தப் பிரிவில் தொடங்குவது, எதை முதலில் வாங்குவது?

முதல்குறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நின்ற இடத்திலிருந்து தாள் இலக்கைச் சுடும் பயிற்சி எனக்கு ஓரளவு கைவந்திருக்கிறது. அடுத்ததாக, ஓடி நகர்ந்து சுடும் ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) வகைப் போட்டிகளில் இறங்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பது பாலிமர் சட்டம் கொண்ட, ஸ்டிரைக்கர் வகையைச் சேர்ந்த (வெளிப்புற ஹேமர் இல்லாத), முழு அளவு 9 மி.மீ. துப்பாக்கி. அதில் ரெட் டாட், அதாவது கண்ணாடிச் சாளரத்தில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி, பொருத்தும் வசதி உண்டு, ஆனால் இன்னும் பொருத்தவில்லை. தோட்டாக்களை நிரப்பிச் செருகும் மேகசின்கள் இரண்டு இருக்கின்றன. போட்டிக்கான உறையோ பெல்ட்டோ இல்லை.

விதிநூலைப் படித்த பிறகு தெளிவு கிடைக்கும் என்று நினைத்தேன், குழப்பம்தான் கூடியது. பழகியவர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டுகிறார்கள். கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டுக் கனமான எஃகுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிப் புரொடக்‌ஷன் பிரிவில் நில் என்கிறார் ஒருவர். இரும்புக் குறிநோக்கியோடு இனிக் காலத்தை வீணாக்காமல் புள்ளியைப் பொருத்திக்கொள் என்கிறார் இன்னொருவர். உண்மையான வேகம் ஓப்பன் பிரிவில்தான் இருக்கிறது, எப்படியும் அங்கேதான் வந்து சேர்வாய் என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எதை நம்புவது? பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

இரும்புமுனை எழுதியது:

நண்பரே, மூவரும் தத்தம் பிரிவுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. இப்போதுள்ள துப்பாக்கியை எதுவும் மாற்றாமல் எந்தப் பிரிவு ஏற்றுக்கொள்கிறதோ, அந்தப் பிரிவில் முதல் பருவம் முழுவதும் சுடுங்கள். ஐ.பி.எஸ்.சி.யைப் பொறுத்தவரை அது புரொடக்‌ஷன்தான். ஆனால் உங்கள் துப்பாக்கியின் மாதிரி அமைப்பு வெளியிட்டுள்ள அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதல் வேலையாகப் பாருங்கள். அதில் இல்லாத மாதிரியைப் புரொடக்‌ஷனில் பயன்படுத்த முடியாது.

பிரிவுகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, அவை எந்தக் கேள்விகளால் பிரிகின்றன என்று பார்ப்பது எளிது. ரெட் டாட் உண்டா, இல்லையா? மேகசினில் எத்தனை தோட்டா நிரப்பலாம்? மேஜர் (ஆற்றல் கூடிய தோட்டாவுக்கான) மதிப்பெண் கிடைக்குமா, மைனர் (ஆற்றல் குறைந்ததற்கான) மட்டும்தானா? தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்தை எவ்வளவு மாற்றலாம்? ஓப்பன் பிரிவு இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தளர்த்திவிடுகிறது. புள்ளியும் உண்டு, அதிர்வைக் குறைக்கும் காம்பன்சேட்டரும் உண்டு. ஸ்டாண்டர்டில் ரெட் டாட்டும் காம்பன்சேட்டரும் கிடையாது, மேகசின் செருகிய துப்பாக்கி 225 × 150 × 45 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், மற்றபடி மாற்றங்களுக்கு நிறைய இடம் உண்டு. கிளாசிக் என்பது 1911 எனப்படும் பழைய துப்பாக்கி மாதிரியின் வடிவத்துக்கானது. புரொடக்‌ஷனில் தொடக்க ஒலியின்போது எந்த மேகசினிலும் 15 தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது, மதிப்பெண் மைனர் மட்டுமே, குழலின் நீளம் 127 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் என்பது ஏறக்குறைய அதே துப்பாக்கியில் புள்ளியைப் பொருத்தியது.

மைனர் மட்டும் என்ற கட்டுப்பாட்டைக் கண்டு புதியவர்கள் தயங்குகிறார்கள். உண்மையில் அது நல்ல ஆசிரியர். இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதிக்கு எல்லோருக்கும் 5 மதிப்பெண். சி பகுதிக்கு மேஜரில் 4, மைனரில் 3. டி பகுதிக்கு மேஜரில் 2, மைனரில் 1. தவறவிட்ட ஒவ்வொரு குறிக்கும் 10 கழியும். கிடைத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்து வருவதே ஹிட் ஃபாக்டர்.

24 தோட்டாக்கள் கொண்ட ஒரு ஸ்டேஜை, அதாவது போட்டியின் ஒரு சுற்றை, எடுத்துக்கொள்வோம். ஒருவர் 14 நொடியில் முடித்து 12 ஏ, 10 சி, 2 தவறு என்று வைத்தால், மைனரில் அவருக்கு 60 + 30 − 20 = 70; ஹிட் ஃபாக்டர் 5.00. இன்னொருவர் நிதானமாக 18 நொடி எடுத்து 20 ஏ, 4 சி வைத்தால் 112 மதிப்பெண். ஹிட் ஃபாக்டர் 6.22. நான்கு நொடி பின்தங்கியவர்தான் முன்னால் நிற்கிறார். அந்த இரண்டாமவர் மேஜரில் சுட்டிருந்தாலும் 116 மதிப்பெண்ணோடு 6.44தான் ஆகியிருக்கும். புதியவர் இழப்பது மேஜர், மைனர் வித்தியாசத்திலா, தவறவிட்ட குறிகளிலா என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

செம்புள்ளி எழுதியது:

இரும்புமுனை அவர்களின் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரெட் டாட்டை ஏதோ மேல்வகுப்புப் பாடம் போல ஒத்திவைப்பதை நான் ஏற்கவில்லை. கேள்வி கேட்டவரின் ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி, ஏற்கெனவே புள்ளிக்குத் தயாராக இருக்கிறது. இப்போது இரும்புக் குறிநோக்கியில் பழகி, பிறகு புள்ளிக்கு மாறினால், பார்வையின் பழக்கத்தையே மாற்ற வேண்டிவரும். இரும்பில் பலர் முன்முனையைக் கூர்மையாகப் பார்க்கக் கற்கிறார்கள். புள்ளியில் கண் இலக்கிலேயே நிலைத்திருக்க வேண்டும். புள்ளி அதன்மேல் மிதந்து வந்து உட்கார வேண்டும். கண்ணைக் கண்ணாடிக்கு இழுத்து வருபவர் புள்ளியின் பயனில் பாதியை இழக்கிறார்.

இன்னொன்று, புள்ளி பொய் சொல்லாது. விசையை இழுக்கும் நொடியில் கை எவ்வளவு நடுங்குகிறது, சுட்ட பிறகு துப்பாக்கி எந்தப் பாதையில் எழுந்து எந்தப் பாதையில் திரும்புகிறது என்பதை அது கண்ணெதிரே வரைந்து காட்டும். டிரை ஃபயர் பயிற்சியில், அதாவது தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும்போது, இது பயிற்சியாளர் ஒருவர் அருகில் நிற்பதற்குச் சமம்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 25 மீட்டரில் 3 எம்.ஓ.ஏ. புள்ளி சுமார் 2.2 செ.மீ. இடத்தை மறைக்கும்; 6 எம்.ஓ.ஏ. புள்ளி சுமார் 4.4 செ.மீ. மறைக்கும். ஏ பகுதியின் அகலம் சுமார் 15 செ.மீ. என்பதால் இரண்டுமே போதும். பெரிய புள்ளி கண்ணில் விரைவாகப் படும் என்பதால் நான் 6 பக்கம்தான் நிற்பேன். சாளரம் அகலமாக இருப்பது புள்ளியின் அளவைவிட முக்கியம்.

இரும்புமுனை எழுதியது:

புள்ளி கெட்டது என்று நான் எங்கும் எழுதவில்லையே. உருவியவுடன் புள்ளி காணாமல் போய், கையை மேலும் கீழும் ஆட்டிச் சாளரத்துக்குள் தேடும் காட்சியைப் பயிற்சித் திடலில் அடிக்கடி பார்க்கிறோம். இரும்பில் பிடி சற்றுக் கோணலாக இருந்தாலும் முன்முனை எங்கே விலகியிருக்கிறது என்று தெரியும். அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். புள்ளியில் கோணம் சற்று மீறினாலே எதுவும் தெரியாது. உருவும் பழக்கம் நிலைப்படாதவருக்கு இது பெரிய இடையூறு.

செம்புள்ளி எழுதியது:

ஆம், அந்தத் தேடல் உண்மைதான். ஆனால் அது பிடியின் குறையைத்தான் காட்டுகிறது. குறையை மறைக்கும் கருவியைவிடக் காட்டிக்கொடுக்கும் கருவியையே புதியவருக்கு நான் பரிந்துரைப்பேன். தினமும் சிறிது நேரம் உருவிப் பழகினால் அது தீர்ந்துவிடும்.

நடுவர்மேசை எழுதியது:

போட்டிகளில் ரேஞ்ச் ஆபீசராக, அதாவது சுடுவோரைக் கண்காணிக்கும் நடுவராக, பணியாற்றுபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். புள்ளியா இரும்பா என்ற விவாதம் சுவையானது. என்றாலும் புதியவர்கள் வீட்டுக்குத் திரும்ப நேர்வது பெரும்பாலும் வேறு காரணங்களால்.

முதலாவது, முதல்குறி அவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்தக் கனமான எஃகுத் துப்பாக்கி. சி.இசட். ஷேடோ 2 போன்றவை 1.3 கிலோவைத் தாண்டுகின்றன. கிளாக் 17 அதில் பாதியளவுதான். எடை அதிர்வை விழுங்கும் என்பதால் புரொடக்‌ஷனில் அவற்றுக்கு மதிப்பு அதிகம், அதில் ஐயமில்லை. ஆனால் புரொடக்‌ஷனில் வெளிப்புற ஹேமர் (சுடும்போது முன்னே அடிக்கும் சுத்தி) உள்ள துப்பாக்கி, ஹேமர் முழுமையாக இறக்கப்பட்ட நிலையில்தான் தொடங்க வேண்டும். ஷேடோ 2-இல் ஹேமரை இறக்கும் நெம்புகோல் கிடையாது. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்) உயிர்த் தோட்டா இருக்கும்போது, விசையை அழுத்தியபடி ஹேமரைக் கட்டைவிரலால் மெதுவாக இறக்க வேண்டும். விரல் வழுக்கித் தோட்டா வெடித்தால் அந்த இடத்திலேயே தகுதிநீக்கம். பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவது போன்ற இயல்பான செயல். முதல் போட்டியின் பதற்றத்தில், கை வியர்த்திருக்க, ஒருவர் இதைச் செய்வதைப் பார்க்கும்போது அருகில் நிற்கும் எனக்கும் மூச்சு நின்றுவிடும். ஸ்டிரைக்கர் வகையில் இந்தச் சடங்கே இல்லை.

இரண்டாவது, உறை. புரொடக்‌ஷனில் உறையும் மேகசின் பைகளும் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிடியின் அடிப்பகுதி பெல்ட்டின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. தளர்வாக நிற்கும்போது, உறையில் உள்ள துப்பாக்கியின் வாய் உங்கள் பாதங்களிலிருந்து 1 மீட்டர் தூரத்துக்கு அப்பால் எங்கும் நோக்கக் கூடாது. விசையை முழுமையாக மூடும் உறுதியான கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறையே போதும். துணியாலான தளர்ந்த உறைகளைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். ஓடும்போது துப்பாக்கி கீழே விழுந்தால், அது வெடிக்காவிட்டாலும் தகுதிநீக்கம்தான்.

மூன்றாவது, பிரிவின் விதியை மீறினால் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேகசினில் பதினாறாவது தோட்டா கண்டுபிடிக்கப்பட்டாலோ, அனுமதியில்லாத உதிரிப்பாகம் இருந்தாலோ, போட்டியில் ஓப்பன் பிரிவு இருக்கும்பட்சத்தில் உங்களை அங்கே மாற்றிவிடுவார்கள். உங்கள் மைனர் தோட்டாவையும் இரும்புக் குறிநோக்கியையும் வைத்துக்கொண்டு, மேஜர் மதிப்பெண் பெறும் பந்தயத் துப்பாக்கிகளோடு நீங்கள் ஒப்பிடப்படுவீர்கள்.

மருதாணி எழுதியது:

எல்லோரும் துப்பாக்கியை எடையாலும் விதியாலும் அளக்கிறீர்கள். கையின் அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குச் சிறிய கை. எஃகுத் துப்பாக்கிதான் சிறந்தது என்று எனக்கும் சொன்னார்கள். இரட்டைச் செயல் விசை கொண்டவற்றில் முதல் இழுப்பு நீளமானது. அதற்கு விரல் நன்றாக முன்னே எட்ட வேண்டும். விரலின் நுனி மட்டும் விசையைத் தொட்டால், இழுக்கும்போது துப்பாக்கி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. முதல் குறி ஏ பகுதியை விட்டு விலகுகிறது.

ஐ.பி.எஸ்.சி. புரொடக்‌ஷனில் விசைக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் இழுப்பு குறைந்தது 2.27 கிலோ இருக்க வேண்டும், அல்லது ஒவ்வோர் இழுப்பும் குறைந்தது 1.36 கிலோ இருக்க வேண்டும். ஸ்டிரைக்கர் வகையினர் பெரும்பாலும் இரண்டாவது வழியில் வருகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் புகழப்படும் இலேசான சுருள்வில்லை மாற்றிவிட்டு, எடை 1.36-க்குக் கீழே போய்விட்டதை உபகரணச் சோதனையில்தான் அறிகிறார்கள். விசை எடை அளக்கும் கருவி ஒன்று குழுவில் யாரிடமாவது இருக்கும். போட்டிக்கு முன்பே அளந்து பாருங்கள்.

வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பாருங்கள் என்ற அறிவுரை எல்லோரும் சொல்வதுதான். எதைப் பார்ப்பது என்பதையும் சொல்ல வேண்டும். குழல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்தபின், விரலின் முதல் மூட்டுக்கு முன்னுள்ள தசைப்பகுதி விசையின் நடுவில் படுகிறதா? பிடியைக் கலைக்காமல் கட்டைவிரல் மேகசின் விடுவிப்புப் பொத்தானை எட்டுகிறதா? இரண்டாவது எட்டவில்லை என்றால் பெரிய பொத்தானையோ மெல்லிய பின்பிடியையோ முயலலாம். முதலாவது எட்டவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது அன்று.

முதல்குறி எழுதியது:

மிக்க நன்றி. மருதாணி அவர்களே, நீங்கள் சொன்னபடி பிடித்துப் பார்த்தேன், இரண்டும் எட்டுகின்றன. மாதிரியும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறது. நடுவர்மேசை ஐயா எழுதியதைப் படித்தபின் எஃகுத் துப்பாக்கி ஆசையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மேகசின்கள் எத்தனை வேண்டும்? தோட்டாவின் ஆற்றல் குறித்த பவர் ஃபாக்டர் கணக்கை நான் கவனிக்க வேண்டுமா, அல்லது கடையில் வாங்கும் எந்த 9 மி.மீ. தோட்டாவும் போதுமா?

வேகமானி எழுதியது:

தோட்டாவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபாக்டர் கிடைக்கும். மைனருக்கு 125 வேண்டும். 124 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,050 அடி வேகத்தில் சென்றால் 130.2, தாராளம். 147 கிரெயின் குண்டு 880 அடியில் 129.4; இதுவும் போதும். 115 கிரெயின் குண்டு 1,080 அடியில்தான் செல்கிறது என்றால் 124.2, அங்கே நீங்கள் வீழ்ந்தீர்கள்.

பெட்டியின்மேல் அச்சிட்ட வேகம் உங்கள் குழலுக்குரியது அன்று. குட்டையான குழலில் வேகம் குறையும், குளிர்ந்த நாளிலும் சில மருந்துகள் சோம்பும். போட்டியில் உங்கள் தோட்டாக்களில் சிலவற்றை எடுத்து, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானிக் கருவியில் சுடுவார்கள். 125-க்குக் கீழே வந்தால் தொடர்ந்து சுட விடுவார்கள், ஆனால் உங்கள் பெயருக்கு எதிரே மதிப்பெண் இருக்காது. ஆகவே 128 முதல் 132 வரை வருவதுபோல ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, அதையே பயிற்சிக்கும் பயன்படுத்துங்கள். கனமான குண்டில் உதை சற்று மென்மையாகத் தோன்றும் என்று பலரும் உணர்கிறார்கள். ஆனால் கிடைக்கும் தன்மையே முதலில் பார்க்க வேண்டியது. பருவத்தின் நடுவில் தோட்டாவை மாற்றுவது தொல்லை, புள்ளியோ குறிநோக்கியோ மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.

மேஜர் ஆசை இருந்தால் ஸ்டாண்டர்டில் 170 வேண்டும். அதற்குக் குண்டின் விட்டம் குறைந்தது 10 மி.மீ., அதாவது நடைமுறையில் .40 காலிபர். ஓப்பனில் 160 போதும், 9 மி.மீ.யும் செல்லும், ஆனால் அது சாதாரண 9 மி.மீ. அழுத்தத்தைக் கடந்த தோட்டா. உங்கள் துப்பாக்கியில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் கலையில் தேர்ந்தவர்களுக்கும், அதற்கென்றே உருவாக்கப்பட்ட குழல்களுக்கும் உரிய வேலை அது.

இரும்புமுனை எழுதியது:

மேகசின் கணக்குக்கு நான் பதில் சொல்கிறேன். ஐ.பி.எஸ்.சி.யில் குறும் ஸ்டேஜுக்கு 12, நடுத்தரத்துக்கு 24, நெடும் ஸ்டேஜுக்கு 32 தோட்டாக்கள் உச்சவரம்பு. சேம்பரில் ஒன்றும் மேகசினில் 15-ம் வைத்துத் தொடங்கினால் 16. அடுத்த மேகசினோடு 31. ஒரு குறிகூடத் தவறாமல் சுட்டாலும் 32-ஆவது தோட்டாவுக்காக மூன்றாவது மேகசினைத் தொட வேண்டும்! விதி எழுதியவர்களின் குறும்பு என்று நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. கீழே விழும் இரும்புத் தட்டு ஒன்றைக் கூடுதலாகச் சுட நேரும், மேகசின் மணலில் விழுந்து அடைத்துக்கொள்ளும், பதற்றத்தில் ஒன்று கை நழுவும். ஆகவே பெல்ட்டில் நான்கு, துப்பாக்கியில் ஒன்று என மொத்தம் ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இரண்டு இருக்கின்றன. மூன்று வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் எண் எழுதி வையுங்கள். தகராறு செய்யும் மேகசின் எது என்று எண் இருந்தால்தான் தெரியும்.

15 என்ற எல்லை இன்னொன்றையும் கற்றுத் தரும். எந்த இடத்தில் ரீலோட் செய்வது என்பதை ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்கும்போதே தீர்மானிக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்கும் அந்த இரண்டு மூன்று அடிகளில் மேகசினை மாற்றினால் நேரம் வீணாகாது. நின்ற இடத்தில் துப்பாக்கி காலியாகிப் போனால் முழு நேரமும் போகும். அமெரிக்க அமைப்பான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் கேரி ஆப்டிக்ஸ் போன்ற பிரிவுகளில் 141.25 மி.மீ. நீள மேகசின் அனுமதி என்பதால் இருபதுக்கும் மேல் கொள்ளும், ரீலோட் குறையும். அங்கே சுடுவது இன்பமாக இருக்கும். ஆனால் திட்டமிடும் பழக்கம் தாமதமாகத்தான் வரும்.

ஆறுஅறை எழுதியது:

ரிவால்வர் பிரிவை யாருமே குறிப்பிடவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. புதியவர் அதில் தொடங்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். புகழ்பெற்ற ரிவால்வர் வீரர் ஜெர்ரி மிகுலெக்கின் கைவேகத்தைக் கண்டு மயங்கி வருபவர்கள் உண்டு. அந்த ரீலோட் வேகத்துக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம், பல சிறிய போட்டிகளில் அந்தப் பிரிவில் நீங்கள் ஒருவர் மட்டுமே நிற்பீர்கள். போதிய எண்ணிக்கையில் ஆட்கள் இல்லாத பிரிவுக்கு அங்கீகாரமே கிடைக்காது. கிடைத்தாலும் முதலிடத்தில் நீங்கள், கடைசியிடத்திலும் நீங்கள். நீங்கள் முன்னேறுகிறீர்களா என்று எதை வைத்துச் சொல்வது? உங்கள் குழுவில் எந்தப் பிரிவில் ஆள் அதிகம் என்று பார்த்து அதில் சேர்வது, எந்தத் துப்பாக்கி நல்லது என்ற ஆராய்ச்சியைவிடப் பயனுள்ளது.

தட்டொலி எழுதியது:

இன்னும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறேன். ஸ்டீல் சேலஞ்ச் வகைப் போட்டியில் நகர்தல் மிகக் குறைவு. ஐந்து இரும்புத் தட்டுகள், அவற்றை ஐந்து முறை சுட்டு, மோசமான ஒரு முறையைக் கழித்துவிடுவார்கள். ஒரே ஒரு ஸ்டேஜ் மட்டும் நான்கு முறை சுடப்படும். .22 ரிம்ஃபயர் துப்பாக்கிகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றில் உறையிலிருந்து உருவ வேண்டியதில்லை, துப்பாக்கியைத் தரையில் உள்ள அடையாளத்தை நோக்கித் தாழ்த்திப் பிடித்துத் தொடங்கலாம். உறையும் பெல்ட்டும் வந்து சேரும்வரை காத்திருக்கும் புதியவருக்கு, நேரம் ஓடும்போது சுடுவது எப்படியிருக்கும் என்பதை இது காட்டிவிடும்.

தற்காப்புச் சூழலை ஒத்த ஐ.டி.பி.ஏ. வகைப் போட்டியும் உண்டு. அங்கே ஹிட் ஃபாக்டர் இல்லை. எடுத்த நேரத்தோடு, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு நொடி கூடும். அதில் ஸ்டாக் சர்வீஸ் பிஸ்டல் என்ற பிரிவு உண்டு. உங்களிடம் இருக்கும் துப்பாக்கி மாதிரியானவற்றுக்காகவே அமைந்த பிரிவு அது. ஆனால் துப்பாக்கியை மறைக்கும் ஆடைக்கு ஏற்ற உறை வேண்டும் என்பதால், இரண்டு வகைப் போட்டிகளுக்கும் சேர்த்து ஒரே உறை வாங்க நினைப்பவர் இரண்டு விதிநூல்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளெழுத்து எழுதியது:

ஐம்பதைத் தாண்டியவன் பேசுகிறேன். இரும்பா புள்ளியா என்ற கேள்வி என் வயதில் கேள்வியே இல்லை. கைநீட்டும் தூரத்தில் முன்முனை எனக்கு மங்கலான நிழல். மூக்குக்கண்ணாடி போட்டால் இலக்கு மங்குகிறது. புள்ளியில் இரண்டும் ஒரே தளத்தில் தெரிகின்றன. இளைஞர்கள் பெருமைக்காக எதையும் சுடட்டும். என் வயதினர் இந்த இழையைப் படித்தால், நேரே புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸுக்குப் போங்கள்.

ஆனால் புள்ளிக்கு வேலையும் உண்டு. திருகுகளை உற்பத்தியாளர் சொன்ன முறுக்கு அளவில் இறுக்கி, பூட்டுப்பசை இட்டு, திருகின் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே வண்ணக்கோடு ஒன்று போடுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மின்கலத்தைப் பருவத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். போட்டியின் காலையில் புள்ளி எரிகிறதா என்று பாதுகாப்புப் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர்மேசை எழுதியது:

வெள்ளெழுத்து ஐயா பாதுகாப்புப் பகுதியைக் குறிப்பிட்டதால் ஒரு சொல். அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடக் கூடாது. டிரை ஃபயருக்கான போலித் தோட்டாவுக்கும் இதே தடைதான். அந்த இடத்துக்கு வெளியே, ரேஞ்ச் ஆபீசரின் கட்டளையில்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது. உறை சரியாக இருக்கிறதா என்று வாகன நிறுத்தத்தில் உருவிப் பார்த்துத் தகுதி இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல்குறி எழுதியது:

அனைவரின் கருத்துகளையும் படித்தபின் என் திட்டம் இது. இருக்கும் துப்பாக்கியை மாற்றாமல், இரும்புக் குறிநோக்கியோடு புரொடக்‌ஷனில் ஒரு பருவம். எங்கள் குழுவிலும் அந்தப் பிரிவில்தான் ஆள் அதிகம். செம்புள்ளி அண்ணா கோபிக்க வேண்டாம்; பருவம் முடிந்ததும் புள்ளியைப் பொருத்தி ஆப்டிக்ஸில் இறங்குவேன், உறையும் பெல்ட்டும் அப்படியே உதவும் என்று நம்புகிறேன். கையில் உள்ள தொகையில் உறை, இரட்டை அடுக்குப் பெல்ட், நான்கு மேகசின் பைகள், மூன்று மேகசின்கள், மீதிக்குத் தோட்டா. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு ஏற்கெனவே உண்டு. சுடும் நேரத்தை அளக்கும் ஷாட் டைமர் வாங்கலாமா, வேண்டாமா என்பதில்தான் இன்னும் முடிவில்லை.

செம்புள்ளி எழுதியது:

கோபம் எதற்கு, தம்பி? உறை வாங்கும்போது ஸ்லைடின் மேல் புள்ளிக்கு இடம் விட்டு வெட்டப்பட்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரும்புக் குறிநோக்கிக்கும் அது பொருந்தும், பிறகு இன்னொன்று வாங்க வேண்டியிராது. பெல்ட்டின் உள்ளடுக்கு கால்சட்டை வளையங்களுக்குள் செல்லும், வெளியடுக்கு அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். எப்போதும் ஒரே இடத்தில் ஒட்டும்படி உள்ளடுக்கில் ஒரு குறி இட்டுக்கொண்டால் உறையின் இடம் போட்டிக்குப் போட்டி மாறாது.

இரும்புமுனை எழுதியது:

டைமரை இப்போது வாங்க வேண்டாம். டிரை ஃபயருக்குக் கைப்பேசிச் செயலியின் தொடக்க ஒலியும் முடிவு ஒலியும் போதும்; திடலில் குழுவின் டைமர் இருக்கும். அந்தத் தொகையைத் தோட்டாவில் போடுங்கள். மேகசின் சுருள்வில்கள் காலப்போக்கில் தளரும் என்பதால், டைமருக்கு முன்பே வாங்க வேண்டியது ஒரு கட்டு மாற்றுவில்கள். இன்னொன்று, முதல் போட்டியின் பதிவுப் படிவத்தில் பிரிவுக்கு நேரே புரொடக்‌ஷன் என்றும், பவர் ஃபாக்டருக்கு நேரே மைனர் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்களா என்று அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.